வெள்ளையா, மஞ்சளா என்பதற்கு முன்னால்: கடைக்கும் பொது இடத்துக்கும் நான்கு ஒளியமைப்புகள்

கடை திறப்பவர்களும் பொதுக்கூடங்களைப் பராமரிப்பவர்களும் ஒளியமைப்பைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் விளக்கின் நிறத்தைப் பற்றியதாகவே இருக்கிறது: வெள்ளை போடுவதா, மஞ்சள் போடுவதா? அடுத்த கேள்வி எத்தனை வாட் என்பது. இரண்டும் கேட்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று விடுபட்டுவிடுகிறது. வெளிச்சம் எதன்மேல் விழப்போகிறது? தரையிலா, சுவரிலா, விற்பனைப் பொருளிலா, வருபவரின் முகத்திலா? உள்ளே நுழைபவருக்கு ஓர் இடம் விசாலமாகவோ இறுக்கமாகவோ, நிதானமாகவோ அவசரமாகவோ தோன்றுவதை விளக்கின் நிறத்தைவிட இந்தக் கேள்விக்கான விடையே அதிகம் தீர்மானிக்கிறது என்று கருதுகிறேன். ஆகவே விளக்கு வகைகளை வரிசைப்படுத்தாமல், வெளிச்சத்தை விழச்செய்யும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: கூரையிலிருந்து எங்கும் சீராகப் பரவும் மேலொளி, பொருள்களின்மேல் மட்டும் விழும் குவியொளி, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் மறைவொளி, கண்ணாடி வழியே வரும் பகலொளி. நிறத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்த இடம் எழுப்ப வேண்டிய மனநிலை. இது வெறும் ரசனை சார்ந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. 1973இல் அமெரிக்காவில் ஜான் ஃபிளின்னும் அவருடைய குழுவினரும் ஒரே கூட்ட அறையை ஆறு வகையாக ஒளியூட்டி, அதில் அமர்ந்தவர்களிடம் அறை எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார்கள். மேசையும் நாற்காலியும் சுவரும் அப்படியே இருந்தன. வெளிச்சம் விழும் இடமும் அதன் அளவும் மட்டுமே மாறின. மேலிருந்து இறங்கிய பலமான ஒளி தெளிவைக் கொடுத்தாலும் இதத்தைக் கொடுக்கவில்லை. சுவர்களுக்கும் ஒளியூட்டியபோது அதே அறை இனிமையாகவும் விசாலமாகவும் உணரப்பட்டது.

இரண்டாவது, பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன். மூன்றாவது, கண்ணுக்கு ஏற்படும் சிரமம்: கூச்சம், முகத்தில் விழும் நிழல், வயதானவர்களின் பார்வை. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கடையை வடிவமைப்பவர் இளைஞராகவும் வாடிக்கையாளர் முதியவராகவும் இருக்கும்போது இந்த வேறுபாடு வரைபடத்தில் தெரிவதில்லை. நான்காவது, ஆண்டுக்கணக்கில் கூடிவரும் மொத்தச் செலவு. வாங்கும் விலை இதில் ஒரு பகுதிதான். மின்சாரம், ஏணி வைத்து ஏறும் கூலி, தூசு துடைப்பு, அலமாரியை இடம் மாற்றும்போது விளக்கையும் மாற்ற வேண்டிய நிலை ஆகிய எல்லாம் சேர்ந்ததே செலவு.

ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகை ஐந்தாவது அளவுகோலாக வைக்காததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியத் தர வரையறையான இஎன் 12464-1, விற்பனைப் பகுதிக்கு 300 லக்ஸ், பணம் செலுத்தும் இடத்துக்கு 500 லக்ஸ் என்று வகுத்திருக்கிறது. குறைந்தபட்சத்தை உறுதிசெய்ய இந்த எண்கள் உதவும். ஆனால் ஒப்பந்தக்காரர் ஒளி அளக்கும் மீட்டரைக் கிடைமட்டமாக வைத்து 300 லக்ஸ் காட்டிவிட்ட பிறகும் கடை இருண்டு தோன்றலாம். நின்றபடி பார்க்கும் கண்ணுக்கு எதிரே இருப்பவை சுவரும் அலமாரி முகப்பும் மனித முகங்களுமாகிய செங்குத்துப் பரப்புகள். அவற்றில் என்ன விழுகிறது என்பதை அந்த மீட்டர் சொல்லவில்லை.

## சீரான மேலொளி

எல்இடி பேனல்களோ குழல்விளக்குகளோ கூரை முழுவதும் ஒழுங்கான கட்டங்களாக அமைந்திருக்கும் முறை இது. இதன் பெரிய பலம், கீழே என்ன நடந்தாலும் மேலே எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது. அலமாரிகளை எப்படி நகர்த்தினாலும் வெளிச்சம் இருக்கும். சிறிய எழுத்தில் அச்சிட்ட உறைகளைப் படிக்க முடியும். நிறுவுவது எளிது, பழுதானால் மாற்றுவதும் எளிது. மருந்துக்கடை, வன்பொருள் கடை, அன்றாடப் பொருள்கள் விற்கும் பெரிய அங்காடி, பயணச்சீட்டு வழங்கும் கூடம் போன்ற இடங்களில், வந்தவர் தேடியதைக் கண்டுபிடித்து விரைவாகக் கிளம்புவதுதான் நோக்கம் என்றால், இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

பலவீனம் மனநிலையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம் என்றால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் நழுவிக்கொண்டே போகிறது. வெளிச்சம் நேர்மேலிருந்து இறங்குவதால் கண்குழியிலும் மூக்கின் அடியிலும் நிழல் விழுகிறது. உடைமாற்றும் அறைக் கண்ணாடியில் தன் முகம் களைத்துத் தெரிவதைப் பார்த்த ஒருவர், கையில் இருக்கும் உடையைத்தான் குறை சொல்வார். அலமாரியின் மேல்தட்டு பளிச்சென்றும் கீழ்த்தட்டு இருட்டாகவும் இருப்பதும் இந்த முறையின் இயல்பு.

பிரகாசமாக வைத்தால் விற்பனை கூடும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஒயின் கடையில் ஒளியை மாற்றி மாற்றிப் பார்த்து அரேனியும் கிம்மும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பிரகாசமான ஒளியில் வாடிக்கையாளர்கள் கூடுதலான பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் வாங்கியது கூடவில்லை. எடுத்துப் பார்ப்பதே முக்கியமான வணிகத்துக்கு இது நல்ல செய்தி. மற்றவர்களுக்கு மின்கட்டணச் செய்தி.

பழைய குழல்விளக்குப் பொருத்திகளை (விளக்கை மாட்டும் சட்டங்களை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு மறைமுகச் செலவு காத்திருக்கிறது. டி5, டி8 என்னும் அளவுகளில் வரும் வழக்கமான குழல்விளக்குகளைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறுத்திவிட்டது; பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகளும் 2027இல் அவற்றின் உற்பத்திக்கு முடிவுகட்ட ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதே பொருத்தியில் எல்இடி குழலை மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பழைய குழல் சுற்றிலும் ஒளி வீசியது. எல்இடி குழல் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வீசுகிறது. தரையில் அதே லக்ஸ் கிடைத்த பிறகும் கூரையும் சுவரின் மேல்பகுதியும் இருண்டுவிடுவதால், கடையே தாழ்ந்துவிட்டதுபோன்ற உணர்வு வருகிறது.

## குவியொளி

டிராக் எனப்படும் மின்தண்டவாளத்தில் நகர்த்தக்கூடிய ஸ்பாட்லைட்டுகளை மாட்டி, காட்ட வேண்டியதை மட்டும் ஒளியூட்டி, மற்றதை மங்கலாக விடும் முறை இது. அமெரிக்க ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1952இல் ஒளியை மூன்றாகப் பிரித்தார்: சூழலை நிரப்பும் பரவொளி, பார்வையை ஓரிடத்துக்கு இழுக்கும் குவியொளி, கண்ணுக்கு விருந்தாக மினுமினுக்கும் ஒளிப்புள்ளிகள். ஸ்பாட்லைட்டுகள் பின்னிரண்டையும் தருபவை. வைரமும் கண்ணாடியும் உலோகமும் மின்ன வேண்டுமென்றால் ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வர வேண்டும்; பேனல் விளக்கின் அடியில் வைரம்கூடக் கண்ணாடிக்கல்போல் சோர்ந்துகிடக்கும்.

இந்த முறையின் வெற்றி விகிதத்தில் இருக்கிறது. சுற்றுப்புறத்தைவிட இரண்டு மடங்கு ஒளி ஒரு பொருளின்மேல் விழுந்தால் பார்ப்பவர் அதைக் கவனிப்பது அரிது; மூன்று மடங்கில் கவனிப்பார்; ஐந்து மடங்கில் கண் தானாகத் திரும்பும்; பத்து மடங்கில் நாடகமேடை ஆகிவிடும். இதிலிருந்து பெறவேண்டிய நடைமுறைப் பாடம், பலமான ஸ்பாட் வாங்குவதைவிடச் சுற்றுப்புறத்தைக் குறைப்பதே மலிவு என்பது. அருங்காட்சியகங்கள் இதை நன்கு அறிந்தவை. பழந்துணிகளும் நீர்வண்ண ஓவியங்களும் வெளிறாமலிருக்க 50 லக்ஸைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள வழக்கமான வரம்பு. அறை போதிய அளவு இருண்டிருந்தால், பார்வை பழகிய சில நிமிடங்களில் அந்த 50 லக்ஸே தாராளமாகத் தோன்றும். பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: பேனல்களையும் முழு அளவில் எரியவிட்டு, அதற்கு மேல் ஸ்பாட்டுகளையும் மாட்டி, இரண்டுக்கும் பணம் கொடுத்து, எந்த விளைவும் இல்லாமல் போகிறார்கள்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் ஒளிக்கற்றை விரியும் கோணத்தையும் பார்க்க வேண்டும். 24 பாகைக் கற்றை 2 மீட்டர் தொலைவில் சுமார் 85 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தரும். 36 பாகை என்றால் அது 1.3 மீட்டராக விரியும். சிறிய நகைப்பெட்டிக்கு அகன்ற கற்றையை மாட்டினால் பாதி ஒளி தரைக்குப் போய்விடும். செங்குத்திலிருந்து 30 பாகை அளவு சாய்த்துப் பொருத்துவது பொது வழக்கம். அதற்கு மேல் சாய்த்தால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், மிகக் குறைத்தால் நீள நிழல்கள் விழும்.

மறைமுகச் செலவு உழைப்பில் இருக்கிறது. காட்சிப்பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் யாராவது ஏணியேறி விளக்குகளைத் திருப்பியாக வேண்டும். அதைச் செய்ய ஆளோ அக்கறையோ இல்லாத கடையில், திறந்து சில மாதங்களுக்குள் பாதி ஸ்பாட்டுகள் வெறும் தரையையும் வருபவர் கண்களையும் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அடிக்கடி அடுக்கை மாற்றும் ஆனால் பணியாளர் குறைந்த கடைகளுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நகை, ஆயத்த ஆடை, கைவினைப்பொருள், காட்சிக்கூடம் ஆகியவற்றுக்கு இதற்கு மாற்று இல்லை. படிக்கட்டும் தரைமட்ட வேறுபாடும் உள்ள பொதுக்கூடத்தில் மட்டும் இதைத் தனியாக நம்பக்கூடாது. கடும் ஒளியிலிருந்து நிழலுக்குள் காலெடுத்து வைக்கும் முதியவருக்குப் படியின் விளிம்பு தெரியாது.

## மறைவொளி

விளக்கு கண்ணுக்குத் தெரியாமல், அது பட்ட சுவரும் கூரையுமே விளக்காக ஒளிரும் அமைப்பு இது. சுவரைக் கழுவினாற்போல் மேலிருந்து கீழ்வரை சீராக ஒளியூட்டும் பொருத்திகள் ஒரு வகை. ஃபால்ஸ் சீலிங்கின் விளிம்பில் ஒளித்துவைக்கும் கோவ் லைட் இன்னொரு வகை. ஃபிளின்னின் சோதனையில் இனிமை என்றும் விசாலம் என்றும் மதிப்பெண் பெற்றது இந்தக் குடும்பம்தான். குறுகலான கடையில் நீளச்சுவர் ஒன்றுக்கு மட்டும் ஒளியூட்டினாலே அகலம் கூடியதுபோல் இருக்கும். மருத்துவமனைக் காத்திருப்புக்கூடம், நூலகம், விடுதி வரவேற்பறை, நீண்ட நடைவழி போன்று மனிதர்கள் காத்திருக்கும் இடங்களில், முகங்கள் மென்மையாகத் தெரிவதும் படுத்திருப்பவர் கண்ணில் விளக்கு உறுத்தாமலிருப்பதும் இதன் தனிச்சிறப்பு.

செலவுக் கணக்கோ சற்றுச் சிக்கலானது. ஒளி ஒருமுறை பட்டுத் திரும்பி வருவதால் சுவரின் வண்ணமே விளக்கின் ஒரு பாகமாகிவிடுகிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் பட்டதில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பித்தரும். கருமரப் பலகை 20 விழுக்காட்டைக்கூடத் தராமல் விழுங்கிவிடும். ஒளியமைப்பு முடிந்த பிறகு உள்ளலங்காரம் செய்பவர் சுவரை அடர்நிறமாக மாற்றினால் அத்தனை கணக்கும் பொய்யாகிவிடும். பொருத்திகளைச் சுவருக்கு மிக அருகில் வைத்தால் பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு தெரியும். கூரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது பாதுகாப்பான தொடக்கம். கோவ் பள்ளத்தில் தூசு படியும், அதைத் துடைக்க யாரும் ஏறுவதில்லை. பளபளக்கும் தரை ஓடும் கண்ணாடிப் பரப்பும் இருந்தால் ஒளித்துவைத்த எல்இடி பட்டை அதில் புள்ளிவரிசையாகப் பிரதிபலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டையின் ஒரு துண்டு பழுதாகி வேறு தொகுதியைச் சேர்ந்த துண்டை ஒட்டினால் நிறம் பொருந்தாது. தொடக்கத்திலேயே உபரியாக வாங்கி வைப்பது நல்லது.

பொருளை விற்க இது மட்டும் போதாது. நிழலே இல்லாத ஒளியில் துணியின் நெசவும் தோலின் மடிப்பும் தட்டையாகிவிடும்.

## பகலொளி

இதற்கு ஆதரவாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்காவில் ஹெஷாங் மஹோன் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே நிறுவனத்தின் 108 கடைகளை ஒப்பிட்டதில், கூரைச்சாளரம் உள்ளவற்றில் விற்பனை 40 விழுக்காடு கூடுதலாக இருக்கக்கூடும் என்று அது கணித்தது. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கூரையைத் துளைக்கத் தொடங்குவதற்கு முன், அதே குழு வேறொரு நிறுவனத்தின் கடைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் சராசரி விளைவு மிகவும் சுருங்கிப்போனதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பகலொளி நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. விற்பனையை அந்த அளவு தூக்கும் என்று நம்பிக் கடன் வாங்குவது வேறு விஷயம்.

பகலொளியில் நிறங்கள் உள்ளபடி தெரியும். நேரம் நகர்வதை உடல் உணரும். நீண்டநேரம் பணியாற்றுபவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மேகமூட்டத்தில் 10,000 லக்ஸும் நேர்வெயிலில் 100,000 லக்ஸும் தரும் மூலத்தை, சில நூறு லக்ஸ் போதுமான அறைக்குள் கட்டுப்படுத்திக் கொண்டுவருவது எளிதன்று. லூயி கான் வடிவமைத்து 1972இல் திறக்கப்பட்ட, அமெரிக்காவின் கிம்பெல் கலைக் காட்சியகத்தில், வளைகூரை உச்சியின் நீளப் பிளவு வழியே வரும் வெயில், துளையிட்ட அலுமினியத் தகட்டில் பட்டு மேல்நோக்கித் திரும்பிக் கான்கிரீட்டை வெள்ளிபோல் ஒளிரச்செய்கிறது. அந்தத் தகட்டின் வடிவத்துக்குப் பின்னால் முன்பு குறிப்பிட்ட கெல்லி இருக்கிறார். நேர்வெயிலை அப்படியே உள்ளே விடாமல் எதிலாவது பட்டுத் திரும்பவிடுவதே பகலொளியின் முதல் விதி. வட கோளத்தில் வடக்குப் பார்த்த சாளரமும், தென் கோளத்தில் தெற்குப் பார்த்ததும் பெரும்பாலும் சீரான ஒளி தருவதும் இதனால்தான்.

மறைமுகச் செலவு வெப்பம், மழைக்கசிவு, துணியும் காகிதமும் வெளிறுதல் ஆகியவற்றோடு முடிவதில்லை. இரவுக்கு முழு மின்னொளியமைப்பும் வேண்டும் என்பதால் முதலீடு இரட்டிப்பாகிறது. வெளிச்சத்தை உணர்ந்து விளக்கைத் தானாக மங்கச்செய்யும் சென்சார் இல்லாவிட்டால், பகலிலும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், சேமிப்பு ஏட்டளவில் நிற்கும். சொந்தக் கட்டடத்துக்கும் நீண்டகாலப் பொதுக்கட்டடத்துக்கும் இது பொருந்தும். வாடகைக் கடைக்குப் பொருந்துவது அரிது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மேலொளி | குவியொளி | மறைவொளி | பகலொளி |
|---|---|---|---|---|
| எழும் மனநிலை | தெளிவு, சுறுசுறுப்பு. நீண்டநேரத்தில் சலிப்பு | எதிர்பார்ப்பு, மதிப்பு. மிகுந்தால் பதற்றம் | நிதானம், விசாலம் | திறந்தவெளி உணர்வு, பொழுதுக்கேற்ற மாற்றம் |
| பொருள் தெரியும் விதம் | எல்லாம் சமமாக, தட்டையாக | மின்னலும் நெசவும் துலங்கும் | மென்மையாக, நிழலின்றி | நிறம் மிகத் துல்லியமாக |
| கண் சிரமம் | பளிச்சிடும் பேனல், முகநிழல் | தவறாகத் திருப்பினால் கூச்சம் | மிகக் குறைவு | நேர்வெயில் விழுந்தால் கடுமை |
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | மிக அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | தேவைக்கு மீறிய மின்சாரம் | ஏணியும் ஆளும் | சுவர் வண்ணம், தூசு | வெப்பம், கசிவு, இரட்டை முதலீடு |

## இப்போது நிறத்துக்கு வருவோம்

வெள்ளை ஒளியின் சாயலைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள்; எண் கூடக்கூட ஒளி மஞ்சளிலிருந்து நீலவெள்ளைக்கு நகரும். பழைய இழைவிளக்கின் மஞ்சள் சுமார் 2,700 கெல்வின். நடுநிலை வெள்ளை 4,000. பகல்வெள்ளை என்று விற்கப்படுவது 6,500. டச்சு இயற்பியலாளர் க்ராய்டாஃப் 1941இல், குறைந்த ஒளிக்கு மஞ்சளும் மிகுந்த ஒளிக்கு வெள்ளையும் இதமாகத் தோன்றும் என்று ஒரு வளைகோட்டை வரைந்தார். பிற்கால ஆய்வுகள் அந்தக் கோட்டை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை என்றாலும், மங்கலான நீலவெள்ளை சோகம் தட்டும் என்ற அளவில் அதை நம்பலாம். மெதுவாக உலவ வேண்டிய இடத்துக்கு 2,700 முதல் 3,000 கெல்வின், தேடி எடுத்துச் செல்லும் இடத்துக்கு 3,500 முதல் 4,000 கெல்வின் என்பது என் பரிந்துரை. 6,500 கெல்வினைக் கடைக்குள் கொண்டுவரக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரே பார்வைப்பரப்பில் இரண்டு நிறங்களைக் கலப்பது, எந்த நிறத்தைத் தவறாகத் தேர்ந்ததையும்விடப் பெரிய பிழை.

கெல்வினைவிட முக்கியமானது சிஆர்ஐ எனப்படும் நிறங்காட்டும் குறியீடு; விளக்கின் அடியில் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதை 100ஐ உச்சமாக வைத்துச் சொல்லும் எண் அது. அதிலும் ஒரு வலை இருக்கிறது. பெட்டியில் அச்சிடும் பொதுக் குறியீடு எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி மட்டுமே; அடர்சிவப்புக்கான ஆர்9 என்னும் மாதிரி அதில் சேராது. ஆகவே 80 என்று பெருமையாக எழுதியிருக்கும் விளக்கின் அடியில் சிவப்புப் பட்டும் மனிதத் தோலும் மண்ணிறமாகத் தெரியலாம். துணியும் ஒப்பனைப்பொருளும் பழமும் விற்பவர்கள் 90க்கு மேற்பட்ட குறியீட்டையும் ஆர்9 மதிப்பையும் கேட்டு வாங்குவது, கூடுதல் வாட்டுக்குக் கொடுப்பதைவிடப் பயன்தரும். இறைச்சியின்மேல் இளஞ்சிவப்பு விளக்கை மாட்டிப் புதிதாகக் காட்டும் தந்திரமும் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும்வரைதான் அது பலிக்கும்.

## திறந்தவெளிக்குக் கணக்கு வேறு

தெருவிலும் சதுக்கத்திலும் பூங்காவிலும் விற்பதற்கு ஒன்றுமில்லை. எதிரே வருபவர் யார் என்று தெரிவதே முதல் தேவை. குறையழுத்தச் சோடியம் விளக்கு 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரே மஞ்சளைத் தந்ததால் அதன் அடியில் சட்டையின் நிறத்தைக்கூடச் சொல்ல முடியாது. எல்இடி அந்தக் குறையைத் தீர்த்தது; கூடவே கடும் வெள்ளையையும் கூச்சத்தையும் கொண்டுவந்தது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளிப்புற விளக்குகளுக்கு 3,000 கெல்வினைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இங்கே குவியொளிக்கும் மேலொளிக்கும் இடையிலான போட்டியில் இரண்டுமே முழுதாக வெல்வதில்லை. உயர்ந்த கம்பத்தில் பலமான விளக்கு ஒன்றை மாட்டினால் அதன் அடி பளிச்சென்று ஆகி, அதற்கு அப்பாலுள்ளது முன்பைவிட இருட்டாகத் தெரியும். கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம்வரை ஆகும், நடப்பவரோ அரை நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். தாழ்வான, அடக்கமான விளக்குகளை நெருக்கமாக வைப்பதும், சுற்றியுள்ள சுவர்களிலும் மரங்களிலும் கொஞ்சம் ஒளி விழச்செய்வதும் கம்ப எண்ணிக்கையால் செலவைக் கூட்டினாலும், பாதுகாப்பு உணர்வுக்கு அதுவே மேலானது.

## முடிவெடுக்கும் முன்

எந்த வழியைத் தேர்ந்தாலும் 50,000 மணி நேரம் என்ற வாக்குறுதியைச் சரியாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது, விளக்கின் ஒளி 70 விழுக்காடாகக் குறையும்வரையான காலம். நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் 11 ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் அதற்கு முன்பே, எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர் என்னும் கருவி பழுதாகலாம். டிரைவரைத் தனியாக மாற்ற முடியாத பொருத்தியை, விலை குறைவென்றாலும், உயரமான கூரையில் மாட்டக்கூடாது. ஒளியைக் கூட்டிக்குறைக்கும் டிம்மருடன் சேரும்போது சில மலிவான டிரைவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். செல்பேசிக் கேமராவில் கோடுகள் ஓடினால் அந்த இணையைத் தவிர்க்கலாம்.

பணம் அளவாக இருக்கும் சிறுகடைக்கு என் தேர்வு இது: மேலொளியைப் பாதியாகக் குறைத்து, மிச்சமாகும் தொகையில் வாசலிலிருந்து பார்த்தால் நேரெதிரே தெரியும் பின்சுவருக்கு ஒளியூட்டி, மூன்று நான்கு இடங்களில் மட்டும் ஸ்பாட் வைப்பது. காத்திருப்புக்கூடத்துக்கு மறைவொளியை முதலில் வைத்து, படிக்கும் இருக்கைகளுக்கு மட்டும் தனி விளக்கு. ஒப்பந்தம் போடும் முன் இரண்டு மூன்று பொருத்திகளை இரவல் வாங்கிக் கயிற்றில் கட்டியாவது தொங்கவிட்டு, நண்பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். அப்போது வாடிக்கையாளர் நிற்கும் இடத்தோடு கல்லாவில் உட்காரும் இடத்தையும் சோதிக்க வேண்டும். வாடிக்கையாளர் கால்மணி நேரத்தில் போய்விடுவார், கல்லாவில் இருப்பவர் அதே வெளிச்சத்தில் நாள் முழுவதும் இருக்கப்போகிறார்.